ஒரு கடலோரமாகப் போய் இன்னொரு கடலோரமாகத் திரும்புங்கள்

"ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் ஒரு நாள் முழுக்க நடக்கும்படியான வட்டப் பாதை ஏதும் உண்டா? கொஞ்ச தூரம் மரங்களுக்குள், மீதி வெட்டவெளியில் போக வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது. பதினோரு வயது மகளும் வருகிறாள்" என்று கேட்டிருக்கிறீர்கள். மலையில் நடந்து பழகியவர் நீங்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. மலையில் பாதை என்றால் யாரோ வெட்டி வைத்தது. மரத்தில் அம்புக்குறி இருக்கும், திருப்பத்தில் பலகை இருக்கும். அந்தப் பொருளில் கேட்டால் எங்கள் கரையில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, இந்த நிலத்தில் காலை முதல் மாலை வரை பத்திரமாக நடந்து, ஒரு தடத்தை இரண்டு முறை மிதிக்காமல் புறப்பட்ட இடத்துக்கே வர முடியுமா என்பதுதான் என்றால், முடியும். மிக அருமையாக முடியும்.

இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் நான் நிலவியல் சொல்லிக்கொடுத்தவன். ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடி மணலில் நடந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு இன்னும் அதிகமாக நடக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். நான் சொல்லும் தூரங்களில் சாலை வழித் தூரத்தை நம்பலாம். கரை வழித் தூரத்தைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கரை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். சென்ற ஆண்டு நான் நின்ற மணல்மேடு இந்த ஆண்டு தண்ணீருக்குள் இருக்கும்.

முதலில் மரங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் வரும். நீங்கள் நினைக்கும் சோலைக்காடு எங்களிடம் இல்லை. இருப்பது பனையும் உடையும். உடைமரத்தைக் குடைவேல் என்றும் சொல்வார்கள். பெயருக்கு ஏற்ப, விரித்துப் பிடித்த குடை போலத் தலை தட்டையாகப் பரந்திருக்கும். உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளரும் மரம் இது என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. வேலிக்கும் விறகுக்கும் வெட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். ராமேசுவரம் கோயிலிலிருந்து வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் இருக்கும் கந்தமாதன பர்வதத்தைச் சுற்றி இந்த மரங்களைப் பார்க்கலாம். பர்வதம் என்று பெயர் இருந்தாலும் அது ஒரு மணற்குன்றுதான். ஆனாலும் தீவிலேயே உயரமான இடம். உச்சியில் ராமர் பாதம் இருக்கும் மண்டபத்தில் நின்றால் கீழே உடைமரங்களின் பச்சைத் தட்டுகளும் அவற்றுக்கு அப்பால் கடலும் தெரியும். முந்தைய நாள் மாலை மகளோடு அங்கே நடந்து போய், வடக்குக் கரையில் ஓலைக்குடா பக்கம் இறங்கி, கடலோரமாகவே சங்குமால் வழியாகக் கோயிலடிக்கு வந்துவிடுங்கள். அதுவே ஒரு சிறிய வட்டம். ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் வரலாம். வழி தவறும் என்ற பயம் வேண்டாம். 323 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரம் ஊருக்குள் நிற்கிறது. தீவில் எங்கே நின்றாலும் அதைப் பார்த்துத் திசை பிடித்துக்கொள்ளலாம். காலில் செருப்பு வேண்டாம், தடித்த அடி உள்ள ஷூ வேண்டும். உடை முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிவிடும்.

இனி அந்த ஒரு நாள். தனுஷ்கோடி நிலப்பரப்பை மனத்தில் ஒரு நீண்ட கத்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். ராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கு நோக்கி நீட்டப்பட்ட கத்தி; அதன் நுனி அரிச்சல்முனை. வடகிழக்குப் பக்கம் பாக் நீரிணை, தென்மேற்குப் பக்கம் மன்னார் வளைகுடா. மீனவர்கள் முதலாவதைப் பெண்கடல் என்றும் இரண்டாவதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ராமேசுவரத்திலிருந்து போகும் வழியில் வரும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி ஊர் ஐந்து கிலோமீட்டர். அங்கிருந்து அரிச்சல்முனை நாலரை கிலோமீட்டர். 2017இல் சாலை முனைவரை போடப்பட்ட பிறகு பஸ்ஸும் வேனும் நேராக அங்கேயே போகின்றன. அதற்கு முன் ஜீப்பிலோ, மீன் ஏற்றும் வண்டியிலோ, கால்நடையாகவோதான் போக வேண்டும். ஆக, ஒரு கடலோரமாகப் போய் மற்றக் கடலோரமாகத் திரும்பினால் வட்டம் முடிந்தது. பழைய ஊருக்கும் முனைக்கும் இடையில் மட்டும் நடந்தால் போகவரப் பத்து கிலோமீட்டரை ஒட்டி வரும். சத்திரத்திலிருந்தே தொடங்கினால் அது இருபதுக்கு மேல் போய்விடும். மகள் வருவதால் சிறிய வட்டத்தையே சொல்கிறேன். மணலில் பத்து கிலோமீட்டர் என்பது கால்களுக்குத் தார்ச்சாலையில் பதினைந்து நடந்ததைவிட அதிகமாக வலிக்கும்.

எல்லோரும் பழைய ஊரில் இறங்கி முனையை நோக்கி நடப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பஸ்ஸில் நேரே முனைக்குப் போய்விடுங்கள்; அங்கிருந்து தொடங்கி, அங்கேயே முடியுங்கள். காரணம் சூரியன். காலையில் தென்கிழக்கே நடந்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். தண்ணீரிலும் மணலிலும் பட்டு எதிரொளிப்பது அதைவிட மோசம். முனையிலிருந்து தொடங்கினால் காலையில் வடமேற்கே நடக்கிறீர்கள், வெயில் முதுகில் விழும். மாலையில் தென்கிழக்கே திரும்புகிறீர்கள், அப்போதும் வெயில் பின்பக்கம்தான். இந்த எளிய விஷயத்தை நான் பல ஆண்டுகள் நடந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அதற்குள் எத்தனையோ பிள்ளைகளைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்க வைத்துவிட்டேன்.

காலையில் ஆண்கடல் ஓரம், மாலையில் பெண்கடல் ஓரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கடல் பக்கம் கரை சரிவாக இறங்கும். மணலும் சற்றுப் பருமன். சரிவில் நடக்கும்போது கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்வாக இருப்பதால் முழங்காலும் இடுப்பும் ஒரு பக்கமாக வலி எடுக்கும். கால்களில் தெம்பு இருக்கும் காலை நேரத்தில் அதை முடித்துவிடுவது நல்லது. பெண்கடல் பக்கம் ஆழம் குறைவு, கரை தட்டை. களைத்த கால்களுக்கு இதமாக இருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். இந்த வரிசையில் போனால் போகும்போதும் வரும்போதும் கடல் உங்கள் இடக்கைப் பக்கமே இருக்கும், நிலம் வலக்கைப் பக்கம். கோயிலை வலம் வருவது போல நிலத்தை வலம் வருகிறீர்கள். இதை முதலில் சொன்னவள் என் மாணவி ஒருத்தி, ஏழாம் வகுப்பு. அன்று முதல் நான் இந்தத் திசையை மாற்றியதே இல்லை.

எந்த மாதத்தில் வரலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதுதான் முதல் கேள்வி. தை, மாசி இரண்டு மாதங்களைத் தவிர வேறெப்போதும் குழந்தையோடு இந்த நடையை நான் சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இரண்டு கரைக்கும் நடுவில் இருக்கும் உவர்வெளி, அதாவது உப்புப் படிந்த சேற்று நிலம், தண்ணீராகிவிடும், புயல் காலமும் அதுவே. சித்திரை, வைகாசியில் நிழல் இல்லாத வெயில். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும். அது மணலை வாரி ஆண்கடல் கரையிலிருந்து பெண்கடல் கரைக்கு வீசும். சாலையே மணலில் மூடிப்போகும். கெண்டைக்காலில் ஊசி குத்துவது போல மணல் அடிக்கும்போது பெரியவர்களாலேயே நடக்க முடியாது. தை மாதத்தில் மழையின் ஈரம் மணலை இறுக்கி வைத்திருக்கும். வாடைக்காற்று பெண்கடல் பக்கமிருந்து வரும். மாலை நடையில் அது கடலிலிருந்து நேராக உங்கள் மேல் படுவதால் குளிர்ச்சி உண்டு, மணல் அடிக்காது. பெண்கடல் என்றால் எப்போதும் சாது என்று வண்டிக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. கச்சான் காலத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம் போலக் கிடக்கும். வாடை காலத்தில் இது தலைகீழாகும். மீனவக் குடும்பங்கள் காற்றைப் பார்த்துத்தான் எந்தக் கரையில் படகு இறக்குவது என்று முடிவு செய்கிறார்கள்.

அதேபோல, முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும் என்று சொல்வதையும் மகள் கேட்பாள். இரண்டு பக்கத்து அலைகளும் வேறு வேறு கோணத்தில் வந்து மோதுவது உறுதி; பார்த்தாலே தெரியும். ஆழம் வேறு, கலங்கல் வேறு என்பதால் நிறம் மாறித் தெரிவதும் உண்மை. ஆனால் எல்லா நாளும் ஒரே இடத்தில் நிற்கும் கோடு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் ஒன்றுமே தெரியாது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: முனையில் கணுக்கால் அளவுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். இரண்டு பக்க நீரோட்டமும் அங்கே இழுக்கும். குளிக்கத் தடையும் உண்டு. எதிரே தெரியும் மணல்திட்டுகளுக்கு நடந்து போய்விடலாம் போலத் தோன்றும். அது ராமர் பாலத்தின் தொடக்கம், இலங்கை எல்லையை நோக்கிப் போவது. அங்கே போக நினைக்கவே கூடாது.

காலையில் ஆண்கடல் ஓரம் நடக்கும்போது கண்ணை மணலில் வைத்திருங்கள். டிராக்டர் சக்கரம் போன ஒற்றைத் தடம் போல, நடுவில் வயிறு இழுபட்ட கோட்டோடு கடலிலிருந்து ஏறி மீண்டும் கடலுக்கே இறங்கும் சுவடு தெரிந்தால், இரவில் பங்குனி ஆமை முட்டையிட வந்திருக்கிறது என்று பொருள். தை முதல் பங்குனி வரை வரும். முட்டைகளை வனத்துறையினர் விடியற்காலையில் எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு பார்த்துவிட்டால் தோண்டாமல், மேலே மிதிக்காமல், அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மணல்மேடுகளில் ஊதாப் பூவோடு படர்ந்திருப்பது அடும்பு. காற்றில் பந்தாக உருண்டு போகும் முள்தலை இராவணன் மீசை. இந்த இரண்டும்தான் மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பவை. அவற்றின் மேல் நடக்காமல் ஈரக் கரையிலேயே நடந்தால் உங்களுக்கும் சுலபம், அவற்றுக்கும் நல்லது. கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பவளம் சட்டப்படி புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருப்பது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. இதைச் சொன்னால் பிள்ளைகள் தாங்களாகவே கையில் வைத்திருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். நான் அதட்ட வேண்டி வந்ததில்லை.

வழியில் கரைவலை இழுப்பவர்களைப் பார்ப்பீர்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று வடத்தைப் பிடித்துப் பின்னோக்கி நடப்பார்கள். வடத்தைத் தாண்டாதீர்கள், நின்று கேளுங்கள், அவர்களே வழி சொல்வார்கள். வலையில் வரும் இழுதுமீனையும் திருக்கையையும் மகள் தொடக் கூடாது. செத்துக் கிடந்தாலும் இழுதுமீன் அரிக்கும். அதைச் சொறி என்றே சொல்வார்கள்.

ஒன்பது, ஒன்பதரைக்குப் பழைய ஊரை அடைந்துவிடலாம். வெயில் நேரம் முழுவதையும் அங்கேயே கழியுங்கள். ஓலைக் கொட்டகைக் கடைகளில் மீன் பொரித்துத் தருவார்கள், நிழலும் கிடைக்கும். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் இந்த ஊருக்குத்தான் வந்தது. இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் எல்லாம் போனது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் கடலால் அடித்துச் செல்லப்பட்டது; அதிலிருந்த யாரும் பிழைக்கவில்லை. பவளக் கற்களால் கட்டிய தேவாலயச் சுவர்களும், ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறாதீர்கள். உப்புக்காற்று ஆண்டுதோறும் அவற்றைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இரவில் பெற்றோரை இழந்தவர்கள் இன்னும் இந்தக் கரையில் வாழ்கிறார்கள். படம் எடுக்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

மகளுக்குக் காட்ட வேண்டியது ஒன்று அங்கே இருக்கிறது: ஊற்று. இரண்டு பக்கமும் கடல். நடுவில் சில அடி மணலைத் தோண்டினால் குடிக்கும் தண்ணீர். இதில் அதிசயம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அழகு இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கும். நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது, ஆகவே உள்ளே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் ஆடை போல மிதக்கும். அந்த ஆடை வரைக்கும் மட்டும் தோண்டினால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு இன்னும் ஆழமாகப் போனால் உப்பு ஏறிவிடும். இந்த அளவு இந்தக் கரையில் வாழும் பெண்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். நான் வகுப்பறையில் படம் போட்டு விளக்கியதை அவர்கள் ஒரு சிரட்டையால் பத்து நிமிடத்தில் செய்து காட்டிவிடுவார்கள். ஊற்று நன்னீர் என்பது உறுதி. ஆனால் இன்று கூட்டம் பெருகிவிட்டதால் எந்த ஊற்று சுத்தமானது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே ருசி பார்க்கலாம், குடிநீராக நம்ப வேண்டாம். பெரியவருக்கு நான்கு லிட்டர், பிள்ளைக்கு மூன்று லிட்டர் என்று ராமேசுவரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கொஞ்சம் உப்பும் சர்க்கரையும்.

ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் குறுக்கே மாறும்போது சாலையையும் ஆள் நடந்த தடத்தையும் விட்டு விலகாதீர்கள். நான் செய்த பெரிய தவறு அங்கேதான். ஒரு தை மாதம், நேரம் மிச்சமாகும் என்று மாணவர்களை உவர்வெளிக்குக் குறுக்கே நடத்தினேன். மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு, பார்க்கத் தரை போலவே இருந்தது. அடியில் சேறு. முன்னால் போன பையன் முழங்கால்வரை இறங்கிவிட்டான். பயத்தில் அவன் துள்ளத் துள்ள இன்னும் இறங்கினான். துண்டை வீசி, படுக்கச் சொல்லி, இழுத்து வெளியே எடுத்தோம். காயம் எதுவுமில்லை. ஆனால் அவன் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. பொருக்கின் மேல் கால் வைக்கும்போது 'சொத்' என்று சத்தம் வந்தால் அதே தடத்தில் பின்வாங்கிவிடுங்கள்.

பூநாரை பார்க்க வேண்டும் என்றால் அதற்குத் தனியாக நேரம் வையுங்கள். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பு பஸ் போகும் வழியிலேயே வரும். 1964 புயலையும் தாங்கி நின்ற கோயில் அது. தை, மாசியில் அந்த ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்து அளைந்துகொண்டிருக்கும். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. ஆகவே நடக்கத் தொடங்குமுன் வனத்துறையினரிடமும் காவல் சாவடியிலும் எந்தப் பகுதியில் நடக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; அவர்கள் சொல்வதும் நான் எழுதியிருப்பதும் முரண்பட்டால் அவர்கள் சொல்வதே சரி. பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்க்க ஆரம்பித்தால் அதற்கு மேல் ஒரு அடியும் போகாதீர்கள். கைதட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அத்தனை தூரம் பறந்து வந்து, ஒவ்வொரு வாயாக அரித்துச் சேர்க்கும் தெம்பை ஒரு படத்துக்காக வீணாக்குகிறோம்.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் பிள்ளைகளோடு வெயிலில் நடந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: மகள் பேச்சைக் குறைத்துவிட்டால் கவனியுங்கள். தலைவலி, குமட்டல், வியர்வை நின்றுபோவது ஆகியவற்றில் ஏதாவது வந்தால் நடையை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ராமேசுவரம் போய்விடுங்கள். மணலில் மருத்துவமனை எதுவும் இல்லை. ராமேசுவரம் இருபது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பாதையின் பெரிய வசதியே இதுதான்: எந்தக் கரையில் இருந்தாலும் சாலை அதிக தூரத்தில் இல்லை. செல்பேசியில் இலங்கை நெட்வொர்க் ஏறிக்கொள்ளும் என்பதால் ரோமிங்கை முன்பே நிறுத்திவிடுங்கள்.

மூன்று மணிக்குக் கொட்டகையை விட்டுக் கிளம்பினால் பெண்கடல் ஓரமாக நிதானமாக நடந்து ஐந்து மணிக்குள் முனையில் இருப்பீர்கள். இருட்டுமுன் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அந்த நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. காலையில் முனையில் இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய பஸ்ஸில் ஏறுவது என்று மனத்தில் வைத்துக்கொண்டு நடங்கள்.